மீன் குழம்பு முதல் மிளகாய் சாஸ் வரை: எங்கே தப்பு, எப்படிச் சரிசெய்வது

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆனால் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சட்டிப் படங்கள் வர ஆரம்பித்துவிடும். "அத்தை, இது ஏன் இப்படி ஆச்சு?" கேட்கும் ஆள் மாறும், கேள்வி மாறாது. அதனால் மொத்தத்தையும் இங்கே எழுதி வைக்கிறேன். முக்கால்வாசித் தப்பு மீன் சட்டிக்குள் போகும் முன்பே நடந்துவிடுகிறது என்பதுதான் இத்தனை வருஷத்தில் நான் கண்டது. உங்கள் தலைப்பைத் தேடிப் பிடித்து, மேலிருந்து கீழாகப் பாருங்கள். காசில்லாமல் சரியாகிற காரணம் முதலிலும், கொட்ட வேண்டியதும் ஆளைக் கூப்பிட வேண்டியதும் கடைசியிலும் இருக்கும்.

## குழம்பில் கவுச்சி அடிக்கிறது

முதலில் ஒரு கரண்டி குழம்பை மட்டும் எடுத்து, ஆறவிட்டு முகர்ந்து பாருங்கள். அப்புறம் ஒரு மீன் துண்டைத் தனியாக முகர்ந்து பாருங்கள்.

குழம்பில்தான் வாடை, மீனில் இல்லை. அது கவுச்சி இல்லை, வேகாத மல்லித்தூளின் பச்சை வாடை. பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். மீன் துண்டுகளைத் தட்டையான கரண்டியால் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வையுங்கள். குழம்பை மட்டும் பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, ஓரத்தில் எண்ணெய் மிதந்ததும் மீனைத் திரும்பச் சேருங்கள்.

மீனில் லேசான வாடை. சுத்தம் செய்ததில் குறை. துண்டின் நடுவே முதுகெலும்பை ஒட்டி விரலை ஓட்டினால் கருஞ்சிவப்பாகக் குழகுழவென்று ஏதாவது வருகிறதா? அது உறைந்த ரத்தம். வயிற்றுப் பகுதியின் உள்பக்கம் கறுப்புச் சவ்வு ஒட்டியிருக்கிறதா? தலையில் செவுள் அப்படியே இருக்கிறதா? கவுச்சிக்கு இந்த மூன்றும்தான் காரணம். சந்தையில் மீன் வெட்டிக் கொடுப்பவர்கள் கூட்ட நேரத்தில் சவ்வை விட்டுவிடுவார்கள். கேட்டால் எடுத்துத் தருவார்கள். வீட்டில் கல் உப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்து, இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, கடைசியாக நீர்த்த புளித்தண்ணீரில் ஒரு முறை அலசினால் போதும். தண்ணீரில் ஊறப்போட வேண்டாம், ருசி போய்விடும்.

குழம்பு ஏற்கெனவே வெந்துவிட்டது என்றால்: நாலு பல் பூண்டு, அரை ஸ்பூன் மிளகு தட்டி, நல்லெண்ணெயில் கறிவேப்பிலையோடு தாளித்து மேலே ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் மூடி வைத்துவிட்டுப் பரிமாறுங்கள். முழுதாகப் போகாது, ஆனால் சாப்பிடலாம்.

மூக்கில் சுருக்கென்று ஏறும் வாடை. சுறா, திருக்கை என்றால் கொஞ்சம் பழசானாலே இப்படி அடிக்கும். அவற்றின் சதையிலேயே யூரியா உண்டு, அது அம்மோனியாவாக மாறும். லேசாக இருந்தால் வெந்நீரில் போட்டு எடுத்து, தோலுரித்துப் புட்டு செய்யலாம். வஞ்சிரத்திலோ சங்கராவிலோ இந்த வாடை வந்தால் மீன் கெட்டுவிட்டது. புளியும் பூண்டும் அதைக் காப்பாற்றாது. கொட்டுங்கள்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த நாட்களில் பெரிய மீன் பெரும்பாலும் ஐஸில் இருந்ததாகவோ வெளியிலிருந்து வந்ததாகவோதான் இருக்கும். நாட்டுப் படகில் வரும் சின்ன மீனை வாங்குவது என் பழக்கம். கண் தெளிவாக, செவுள் சிவப்பாக, அழுத்தினால் சதை எழும்பி வருகிறதா என்று எந்த மாதத்திலும் பார்க்கத்தான் வேண்டும்.

எப்போது வெளியாளிடம் போவது? கண் உள்ளே போயிருக்கிறது, சதை மட்டும் விறைப்பாக இருக்கிறது, மீன் வாடையே இல்லாமல் மருந்து வாடை அடிக்கிறது என்றால், மீன் கெடாமல் தெரிவதற்காகப் போடும் ஃபார்மலின் என்ற ரசாயனமோ என்று சந்தேகம் வரவேண்டும். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இதற்கென்றே சோதனைத் தாள் உருவாக்கியிருக்கிறது. வீட்டில் அது இல்லாவிட்டால் மீனைச் சமைக்காமல், வாங்கிய இடத்தைக் குறித்துக்கொண்டு மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் சொல்லுங்கள்.

## மீன் உடைந்து குழம்பில் கரைந்துவிடுகிறது

கரண்டி போட்டீர்களா? மீன் விழுந்த பிறகு சட்டிக்குள் கரண்டிக்கு வேலை இல்லை. இரண்டு பக்கமும் துணியால் பிடித்துச் சட்டியையே ஒரு சுற்றுச் சுற்றிவிடுங்கள்.

எப்போது போட்டீர்கள்? குழம்பு கொதித்து, பச்சை வாடை போய், நீங்கள் விரும்பும் கெட்டிக்குக் கிட்டத்தட்ட வந்த பிறகுதான் மீன். முன்னாலேயே போட்டுவிட்டுக் குழம்பு வற்றக் காத்திருந்தால் மீன் கரையாமல் என்ன செய்யும்? விரல் தடிமன் வஞ்சிரத் துண்டுக்கு மிதமான தீயில் ஏழெட்டு நிமிடம். சங்கரா, கிழங்கானுக்கு ஐந்தாறு. நெத்திலிக்கு மூன்று நிமிடமே அதிகம். ஈர்க்குச்சியால் முள்ளோரம் குத்திப் பாருங்கள். சதை வெள்ளையாகி முள்ளை விட்டு விலகினால் வெந்தாயிற்று.

மண்சட்டியா? அடுப்பை அணைத்த பிறகும் அது கொதித்துக்கொண்டே இருக்கும். இரண்டு நிமிடம் முன்னதாகவே அணைத்துவிடுங்கள்.

ஃப்ரீசர் மீனா? வெந்நீரில் போட்டு ஐஸை விடுவித்தால் மேல் சதை வெந்து, உள்ளே கட்டியாகவே இருக்கும். முந்தின ராத்திரியே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி வையுங்கள்.

உடைந்துவிட்டது, விருந்தாளிகளும் வந்துவிட்டார்கள் என்றால் கிளறிக் கிளறி மேலும் கெடுக்காதீர்கள். உடைந்ததை வடித்தெடுத்து, முள் நீக்கி, வெங்காயம் பச்சைமிளகாயோடு வதக்கினால் புட்டு. குழம்பைத் தனியாக ஊற்றலாம். யாருக்கும் தெரியாது.

## குழம்பு தண்ணியாக நிற்கிறது, எண்ணெய் பிரியவில்லை

மீன் உள்ளே இருக்கும்போது இதைச் சரிசெய்ய முயல வேண்டாம். மேலே சொன்னபடி மீனை எடுத்து வைத்துவிட்டுக் குழம்பை வற்றவிடுங்கள். அப்படியும் போதாவிட்டால் இரண்டு ஸ்பூன் தேங்காய் விழுதோ, வதக்கிய சின்ன வெங்காயத்தை அரைத்தோ சேர்க்கலாம். சோளமாவு மட்டும் வேண்டாம். குழம்பு பளபளவென்று பசை மாதிரி நிற்கும், மறுநாள் இன்னும் மோசமாகும். அதை யார் முதலில் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை.

எவ்வளவு நேரம் வைத்தாலும் கொதியே வரவில்லையா? தீயைப் பாருங்கள். நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்து, சட்டியின் அடியில் கரி பிடித்தால் பர்னர் துளைகள் அடைத்திருக்கின்றன. அடுப்பு ஆறிய பிறகு பர்னரைக் கழற்றி, ஊசியால் துளைகளைக் குத்தி, கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். அப்புறமும் மஞ்சள் தீ என்றால் கேஸ் மெக்கானிக்தான் வரவேண்டும். ரெகுலேட்டரையும் குழாயையும் நீங்களே பிரிக்காதீர்கள்.

## கசக்கிறது

இதற்கு நாக்கே போதுமான சோதனை. குழம்பைத் தனியாக, மீனைத் தனியாகச் சுவையுங்கள்.

ஒரு துண்டு மட்டும் கசக்கிறது. வெட்டும்போது பித்தப்பை உடைந்திருக்கிறது. வயிற்றோரத் துண்டில் பச்சை கலந்த மஞ்சள் கறை தெரியும். அந்தத் துண்டை எடுத்துப் போடுங்கள், மற்றது தப்பிக்கும். அடுத்த முறை சமைக்கும் முன்பே கறை பட்ட இடத்தை நறுக்கி எறிந்துவிடுங்கள். கழுவினால் போகாது.

குழம்பு முழுக்கக் கசக்கிறது. சந்தேகப்பட வேண்டிய ஆட்கள் வரிசையாக: கறுத்துப்போன வெந்தயம், தீய்ந்த பூண்டு, காய்ந்த எண்ணெயில் நேராகக் கொட்டிய மிளகாய்த்தூள். வெந்தயம் பொன்னிறம் தாண்டிய அடுத்த நொடியே கறுத்துவிடும். அது அப்படிக் கறுத்திருந்தால் தாளிப்பைக் கொட்டிவிட்டு மறுபடி தாளிப்பது மலிவு. மீன் விலையை நினைத்துப் பாருங்கள். தூள்களைப் புளித்தண்ணீரில் கரைத்து ஊற்றினால் தீய்ந்துபோகும் பேச்சே இல்லை.

லேசான கசப்புக்கு ஒரு சிட்டிகை வெல்லமும் கொஞ்சம் தேங்காய்ப்பாலும் கைகொடுக்கும். கசப்பு நன்றாகவே ஏறியிருந்தால் எதுவும் பலிக்காது. மீன் இன்னும் போடவில்லை என்றால் குழம்பை மட்டும் கொட்டிவிட்டுப் புதிதாக ஆரம்பியுங்கள். மீனைக் கடைசியில் போடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

## புளிப்பு, காரம், உப்பு மிஞ்சிவிட்டது

புளிப்பு: அரை கிலோ மீனுக்குச் சின்ன எலுமிச்சை அளவு புளி போதும். தக்காளியும் மாங்காயும் சேர்த்தால் அதிலும் பாதி. மிஞ்சியிருந்தால் தேங்காய் விழுது சேருங்கள், அப்புறம்தான் வெல்லம்.

காரம்: தண்ணீர் ஊற்றி விளாவ வேண்டாம். மிளகாயின் காரம் தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். தேங்காய்ப்பால் ஊற்றுங்கள்.

உப்பு: உருளைக்கிழங்கு போட்டால் சரியாகும் என்பார்கள். அது உப்பை மட்டும் தேடி உறிஞ்சாது. தான் உறிஞ்சும் குழம்பில் இருக்கிற உப்பைத்தான் எடுக்கும், அது ரொம்பக் கொஞ்சம். உப்பில்லாத புளித்தண்ணீரும் தேங்காயும் சேர்த்துக் குழம்பைப் பெருக்குவதுதான் வழி. நாளைக்கும் இருக்கும், நல்லதுதானே.

தேங்காய்ப்பால் திரிதிரியாகப் பிரிந்திருந்தால் முதல் பாலைக் கொதியில் ஊற்றியிருக்கிறீர்கள். ருசி கெடவில்லை, பார்க்கத்தான் அழகில்லை. அடுப்பை அணைத்த பிறகு முதல் பால், கொதிக்கும்போது இரண்டாம் பால்.

## வறுவல் கல்லில் ஒட்டுகிறது, மசாலா உதிர்கிறது

மூன்று காரணம், மூன்றுக்கும் செலவில்லை.

ஈரம். கழுவிய மீனைத் துணியில் ஒற்றாமல் மசாலா தடவினால் அது சதையில் பிடிக்காது. உப்பு வேறு உள்ளிருக்கும் தண்ணீரை வெளியே இழுக்கும். தடவி அரை மணி நேரம் கழித்துத் தட்டில் தேங்கியிருக்கும் சிவப்புத் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் கல்லில் போடவேண்டும். எண்ணெய் வெடிப்பதும் அந்தத் தண்ணீரால்தான்.

சூடு. விரல் நுனியில் துளி மசாலா எடுத்து எண்ணெயில் விடுங்கள். உடனே சுற்றிலும் நுரை பொங்கினால் போடலாம். அடியில் போய்ச் சும்மா உட்கார்ந்தால் காத்திருங்கள்.

அவசரம். துண்டைப் போட்டதும் மூன்று நான்கு நிமிடம் தொடவே கூடாது. ஓரம் சிவந்து, கல்லை லேசாக அசைத்தால் மீன் தானாக நகரும். அப்போது திருப்புங்கள். நகராத மீனைச் சுரண்டித் திருப்பினால் மசாலா கல்லுக்கு, மீன் உங்களுக்கு.

இந்த மூன்றும் சரியாக இருந்தும் உதிர்கிறதென்றால் மசாலாவில் ஒரு ஸ்பூன் அரிசி மாவு சேருங்கள். அப்படியும் ஒட்டுகிறதென்றால் கல் பழகவில்லை. தோசைக்கல்லில் மீன் வறுக்காதீர்கள், மறுநாள் காலையில் தோசை எழும்பாது. மீனுக்கென்று ஒரு சின்ன இரும்புக்கல் வாங்கிப்போட்டால் தீர்ந்தது.

## இறால் ரப்பராகிவிட்டது

அதிகம் வெந்துவிட்டது, வேறு காரணம் கிடையாது. திரும்பக் கொண்டுவரவும் முடியாது. தொக்கு முழுதாகத் தயாரான பிறகு இறாலைப் போட்டு மூன்று, நான்கு நிமிடத்தில் இறக்குங்கள். வளைந்திருந்தால் பதம், வாலும் தலைப்பக்கமும் முட்டி இறுகிய வளையமாகிவிட்டால் தாண்டிவிட்டது.

தண்ணீர் விடுகிறது: உறைந்த இறாலின் மேல் இருக்கும் ஐஸ். விடுவித்து, வடிகட்டி, துணியில் ஒற்றிவிட்டுப் போடுங்கள். சட்டியிலேயே தண்ணீர் விட்டுவிட்டால் இறாலை எடுத்துவிட்டுத் தண்ணீரை மட்டும் வற்ற வையுங்கள்.

மாவு மாதிரி கரைகிறது: தலையோடு வாங்கி அப்படியே ராத்திரி முழுக்க வைத்திருப்பீர்கள். தலையிலிருந்துதான் கெட ஆரம்பிக்கும். வாங்கிய அன்றே தலையை எடுத்துவிடுங்கள்.

## கணவாய் ரப்பராகிவிட்டது

இது இறாலுக்கு நேர் எதிர், காப்பாற்றலாம். கணவாய்க்கு இரண்டே வழி: பெரிய தீயில் இரண்டு நிமிடம், இல்லாவிட்டால் சின்னத் தீயில் மூடிவைத்து முப்பத்தைந்து நாற்பது நிமிடம். நடுவில் எங்கே நிறுத்தினாலும் ரப்பர்தான். பத்து நிமிடத்தில் இறக்கிவிட்டுப் புலம்புபவர்களுக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான்: அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி, மூடி, மறுபடி அடுப்பில் வையுங்கள்.

## வீட்டு மிளகாய் சாஸ்

காய்ந்த மிளகாய், பூண்டு, வினிகர், உப்பு, கொஞ்சம் சர்க்கரை போட்டு அரைத்துக் காய்ச்சுகிற சாஸைத்தான் சொல்கிறேன்.

நிறம் பழுப்பாக இருக்கிறது. மிளகாயை வறுத்தது அதிகம், அல்லது மிளகாய் போன வருஷத்தது. சூடான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்தாலே போதும், வறுக்க வேண்டியதில்லை. இரும்புச் சட்டியில் வினிகர் காய்ச்சினாலும் கறுக்கும், எவர்சில்வருக்கு மாற்றுங்கள். அப்படியும் நிறம் வராவிட்டால் மிளகாயையே மாற்ற வேண்டும். நிறத்துக்கு பியாடகியோ காஷ்மீரியோ, காரத்துக்கு குண்டூர், வாசனைக்கு நம் ராமநாதபுரம் முண்டு. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய் அது. நான் நிறத்துக்கு ஒரு பங்கும் முண்டில் ஒரு பங்கும் கலப்பேன்.

காரம் தாங்க முடியவில்லை. விதையைத் தட்டிவிட்டேனே என்பார்கள். விதையில் காரம் குறைவு. விதை ஒட்டிக்கொண்டிருக்கும் வெளிர்ச் சவ்வில்தான் காரம் முழுக்க. அதையும் சேர்த்து வழித்தெடுங்கள்.

மேலே தண்ணீர் தனியாக நிற்கிறது. குலுக்கினால் கலந்துவிடும், கெடுதல் இல்லை. பிடிக்காவிட்டால் இன்னும் நைசாக அரைத்து இன்னும் ஐந்து நிமிடம் காய்ச்சுங்கள். நைசாக அரைபடவே மாட்டேன் என்கிறதா? ஜாரை அளவுக்கு மேல் நிரப்பியிருக்கிறீர்களா என்று பாருங்கள். பிளேடைக் கையால் சுற்றினால் இறுக்கமாக இருக்கிறதா, ஜாரின் அடியில் கறுப்பாகக் கசிகிறதா என்றும் பாருங்கள். கசிந்தால் பிளேடின் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது, மிக்ஸி ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோங்கள். அந்தக் கறுப்பு சாஸுக்குள் போயிருந்தால் சாஸும் குப்பைக்குத்தான்.

பூண்டு நீலமாக, பச்சையாக மாறிவிட்டது. பயப்பட வேண்டாம். புளிப்பு பட்டால் சில பூண்டு அப்படி மாறும். சாப்பிடலாம்.

மேலே படலம். காய்ச்சாமல் உப்பில் புளிக்கவைக்கும் சாஸில் தட்டையான, சுருக்கம் விழுந்த வெள்ளைப் படலம் வந்தால் அது ஒருவகை ஈஸ்ட். வழித்தெடுத்துவிட்டு மிளகாயை உப்புத்தண்ணீருக்குள் அமுக்குங்கள். பஞ்சு மாதிரி முடி முடியாக, பச்சையாகவோ கறுப்பாகவோ இருந்தால் பூசணம். மேலாக மட்டும் எடுத்துவிட்டுச் சாப்பிடக் கூடாது, பாட்டிலோடு போகட்டும்.

மூடி உப்பியிருக்கிறது, திறந்தால் பீய்ச்சுகிறது. புளிக்கவைத்த சாஸ் என்றால் காற்று வருவது இயல்பு, தினமும் மூடியைத் தளர்த்திவிட வேண்டும். காய்ச்சி அடைத்த சாஸ் என்றால் ருசி பார்க்காமல் கொட்டுங்கள்.

எண்ணெயில் மூழ்கிய பூண்டு சாஸ் வெளியில் இருந்தது. இதில் எந்த அறிகுறியும் தெரியாது, அதுதான் ஆபத்து. காற்றுப் புகாத எண்ணெய்க்குள் வினிகர் படாத பூண்டு வெளியில் கிடந்தால் பொட்டுலிசம் கிருமி நஞ்சு உண்டாக்கலாம். வாடையோ நிறமோ மாறாது. வெளியில் இருந்ததைக் கொட்டுங்கள். அடுத்த முறை செய்ததுமே ஃப்ரிட்ஜில் வைத்து நாலு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். அதிக நாள் வேண்டுமென்றால் வினிகர் சாஸ்தான். லேபிளில் 4 அல்லது 5 சதவீதம் அமிலம் என்று போட்ட வினிகரைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றுங்கள். புளிப்பின் அளவைக் காட்டும் பிஎச் தாள் வாங்கிச் சோதித்தால் 4.6-க்குக் கீழே இருக்கவேண்டும். நான் 4-ஐத் தாண்டவிடுவதில்லை. வெளியில் கிடந்த பூண்டெண்ணெய் சாஸைச் சாப்பிட்டவருக்குப் பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, பேச்சு குழறினாலோ, விழுங்கக் கஷ்டப்பட்டாலோ உடனே ஆஸ்பத்திரி.

## சட்டியில் இல்லை, உடம்பில் அறிகுறி

கை எரிகிறது. வெறும் தண்ணீர் பலிக்காது. சமையல் எண்ணெய் தேய்த்து, பிறகு சோப்பு போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டிருந்தால் எண்ணெய் கிட்டேயே போகக் கூடாது. ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவுங்கள், பார்வை மங்கலாகவே இருந்தால் கண் மருத்துவர்.

தொண்டையில் முள். சோற்றை உருட்டி விழுங்கு, வாழைப்பழம் விழுங்கு என்று வீட்டில் நாலு பேர் சொல்வார்கள். முள் இன்னும் ஆழமாகக் குத்திவிடும், வேண்டாம். இரண்டு மூன்று முறை இருமிப் பாருங்கள், தண்ணீர் குடித்துப் பாருங்கள். அப்புறமும் குத்தினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள், அவருக்கு அது சில நிமிட வேலை. எச்சிலே விழுங்க முடியவில்லை, ரத்தம் வருகிறது, நெஞ்சு வலிக்கிறது என்றால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு.

மிளகு போடாத மீன் மிளகு மாதிரி நாக்கில் சுருக்கென்கிறது. சூரை, அயிலை, மத்தி மூன்றும் வெயிலில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் உண்டாகும், அலர்ஜி மாதிரியே அறிகுறி காட்டும் பொருள் அது. எவ்வளவு வேகவைத்தாலும் அது அழியாது. அந்த வாயோடு நிறுத்திவிடுங்கள். கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடத்தால் மருத்துவரிடம் என்ன மீன், எப்போது சாப்பிட்டது என்று சொல்லுங்கள். அலர்ஜி என்று நினைத்து வாழ்நாள் முழுக்க மீனை விட்டவர்கள் உண்டு.

இறால், நண்டு சாப்பிட்டதும் உதடு வீங்குகிறது, மூச்சு இழுக்கிறது. இது நிஜமான அலர்ஜி. வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். அவர் பிழைத்து வந்த பிறகு, அவருக்குச் செய்யும் மீனைக்கூட இறால் வறுத்த எண்ணெயில் வறுக்காதீர்கள்.